ஊரைப் பங்கு போட்டால் பையன் யாருக்கு? இளம் கால்பந்து வீரர்களுக்கான எல்லை விதிகள்: ஓர் ஒப்பீடு

2020 அக்டோபரில், 17 வயது கேடன் கிளார்க் நியூயார்க் ரெட் புல்ஸ் அணிக்காக முதன்முறையாக எம்.எல்.எஸ். (அமெரிக்கா, கனடாவின் முதல்நிலைக் கால்பந்து லீக்) ஆட்டத்தில் இறங்கினார். எதிரணி அட்லாண்டா யுனைடெட். ஆட்டம் 1-0 என்று முடிந்தது, அந்த ஒரே கோலை அடித்ததும் கிளார்க்தான். எல்லோரும் அந்தக் கோலைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது, அதற்கு முன்பு சத்தமில்லாமல் நடந்து முடிந்த ஒரு கொடுக்கல் வாங்கல்.

கிளார்க் மினசோட்டா மாநிலத்துக்காரர். அங்கிருந்து வெகு தொலைவில், அரிசோனா பாலைவனத்தில் காசா கிராண்டே என்ற ஊரில், பார்சிலோனா கிளப்பின் பெயரில் நடந்த உறைவிட அகாடமியில் தங்கிப் பயிற்சி பெற்றவர். அவரை ஒப்பந்தம் செய்ய விரும்பிய ரெட் புல்ஸ், மினசோட்டா யுனைடெட் கிளப்புக்கு 75,000 டாலர் ஒதுக்கீட்டுப் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. ஒதுக்கீட்டுப் பணம் என்பது எம்.எல்.எஸ். கிளப்புகள் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளும் ஒருவகைப் பணம். மினசோட்டாவின் முதல் அணிக்காக ஒரு நிமிடம்கூட ஆடாதவருக்கு எதற்கு விலை? அவர்மீதான ‘ஹோம்குரோன்’ (சொந்தமாக வளர்த்த வீரர்) உரிமை அந்தக் கிளப்பிடம் இருந்தது. வடஅமெரிக்காவின் வரைபடத்தில் கிளப்புகள் ஆளுக்கொரு துண்டாகப் பிரித்துக்கொண்ட நிலத்திலிருந்து பிறக்கிற உரிமை அது.

பையன்களை எந்தக் கிளப் வளர்க்கலாம், யார் யாரை எடுக்கலாம் என்று எல்லா லீக்கும் ஒரு கட்டத்தில் முடிவு செய்தாக வேண்டும். உலகத்தில் இதற்கு நடைமுறையில் நான்கு வழிகள் உண்டு. நிலத்தைக் கோடு போட்டுப் பிரிக்கலாம். பயண நேரத்தை வைத்து அளக்கலாம். எல்லையையே எடுத்துவிட்டு, வளர்த்தவருக்கு விலை கொடு என்று சொல்லலாம். அல்லது கிளப்பே ‘எனக்கு இந்த மண்ணின் பிள்ளைகள் மட்டும் போதும்’ என்று தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளலாம். இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் போகிறேன். என் சார்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வரைபடத்தில் கோடு போட்டதால் மட்டும் ஒரு பையன்மீது உரிமை வந்துவிடக் கூடாது. பயிற்சி கொடுத்தால்தான் வர வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து தொடங்குவோம்.

எம்.எல்.எஸ். ஐரோப்பிய லீக்குகள் போன்றதல்ல. வீரர்களின் ஒப்பந்தம் லீக்கின் கையில் இருக்கிறது. கிளப் முதலாளிகள் அந்த ஒரே நிறுவனத்தின் பங்குதாரர்கள். கல்லூரியில் ஆடிவிட்டு வருபவர்களை டிராஃப்ட் முறையில் வரிசைப்படி பங்கிட்டுக்கொள்வது அங்கே வழக்கம். இதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. ஒரு கிளப் ஐந்தாறு வருடம் செலவழித்து ஒரு பையனை வளர்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் கல்லூரிக்குப் போய், டிராஃப்டில் வந்து, போட்டிக் கிளப்பின் சட்டையைப் போட்டுக்கொள்கிறான். இப்படியென்றால் யார்தான் அகாடமி நடத்துவார்கள்?

அதற்குப் பதிலாக வந்ததுதான் ஹோம்குரோன் விதி. தன் அகாடமியில் குறைந்தபட்சம் ஓராண்டு இருந்த பையனை, டிராஃப்டுக்கு விடாமல் கிளப் நேராக ஒப்பந்தம் செய்யலாம். 2008 நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் கேலக்ஸி ஒப்பந்தம் செய்த டிரிஸ்டன் போவன்தான் இந்த விதியின் கீழ் வந்த முதல் வீரர். இதோடு எல்லையும் சேர்ந்து வந்தது. மைதானத்தைச் சுற்றி 75 மைல், அதாவது சுமார் 120 கிலோமீட்டர், அந்தக் கிளப்பின் பகுதி என்பது நெடுநாள் பொது அளவுகோலாக இருந்தது. ஒரு கிளப்பின் பகுதியில் இருக்கும் பையனை இன்னொரு எம்.எல்.எஸ். கிளப் இழுக்க முடியாமல் இருந்தது. உரிமையை விலைக்கு வாங்கலாம், கிளார்க் விஷயத்தில் நடந்தது போல.

இந்த முறை நன்றாக வேலை செய்த இடம் ஒன்றைச் சொல்லச் சொன்னால் பிலடெல்ஃபியாவைச் சொல்வேன். பிலடெல்ஃபியா யூனியன் கிளப்போடு இணைந்து 2013-இல் வெய்ன் என்ற ஊரில் ஒய்.எஸ்.சி. அகாடமி என்ற பள்ளிக்கூடமே தொடங்கப்பட்டது. பையன்கள் அங்கேயே படிக்கிறார்கள், அங்கேயே பயிற்சி எடுக்கிறார்கள். மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் நியூஜெர்சியில் மெட்ஃபோர்டில் வளர்ந்த பிரெண்டன் ஆரன்சன் யூனியனில் உருவாகி, 2021 தொடக்கத்தில் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் கிளப்புக்குப் போனார். 2024 ஜூலையில் கேவன் சல்லிவன் 14 வயது 293 நாளில் யூனியனுக்காக இறங்கி, எம்.எல்.எஸ். வரலாற்றிலேயே மிக இளைய வீரர் ஆனார். பக்கத்துக் கிளப் வந்து பையனைத் தூக்கிக்கொண்டு போகாது என்ற நம்பிக்கை இருந்தால்தான் ஒருவர் பள்ளிக்கூடம் கட்டுவார். அமெரிக்காவில் இது சாதாரண விஷயமில்லை. அங்கே இளையோர் கால்பந்து பெரும்பாலும் பெற்றோர் கட்டணம் கட்டி ஆட வைக்கிற விளையாட்டு. வருடத்துக்கு ஆயிரக்கணக்கான டாலர் ஆகிவிடும். எம்.எல்.எஸ். அகாடமிகளில் பெரும்பாலும் கட்டணம் கிடையாது. எல்லை விதி கொடுத்த பாதுகாப்புக்கு அதில் பங்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அதே விதி வேறு இடங்களில் என்ன செய்தது என்று பாருங்கள். யூட்டா மாநிலத்தில் இருக்கும் ரியல் சால்ட் லேக் கிளப் 2010 முதல் சில ஆண்டுகள் தன் அகாடமியை நடத்தியது அரிசோனாவின் அந்தக் காசா கிராண்டேயில்தான். சொந்த மைதானத்திலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி. அரிசோனாவில் எம்.எல்.எஸ். கிளப் இல்லை, பையன்கள் நிறைய. 2017-இல் அகாடமி யூட்டாவுக்கு இடம்பெயர்ந்தபின், அதே வளாகத்துக்குள் பார்சிலோனாவின் பெயர் தாங்கிய அகாடமி வந்தது. கிளார்க் போய்ச் சேர்ந்தது அங்கேதான். ஒரே வளாகம். முதலில் ஓர் எம்.எல்.எஸ். கிளப் அங்கே தன் பையன்களை வளர்த்தது. பிறகு அங்கே வளர்ந்த மினசோட்டாப் பையனின் உரிமைக்கு நியூயார்க் கிளப் பணம் கட்டியது.

எனக்கு உறுத்துகிற இடமும் இதுதான். லாஸ் ஏஞ்சலஸில் பிறந்த 13 வயதுப் பையனுக்குக் கேலக்ஸி, எல்.ஏ.எஃப்.சி. என்று இரண்டு கதவு. நியூயார்க் பையனுக்கும் ரெட் புல்ஸ், நியூயார்க் சிட்டி என்று இரண்டு. அதே வயது, அதே திறமையுள்ள பையன் கான்சஸ் சிட்டியில் பிறந்தால் உள்நாட்டில் ஒரே கதவுதான். அந்தக் கிளப்பின் பயிற்சியாளருக்கு அவனைப் பிடிக்கவில்லை, அல்லது அவன் ஆடும் இடத்தில் ஏற்கெனவே நான்கு பேர் இருக்கிறார்கள் என்றால் அவன் என்ன செய்வான்? அவனோ அவன் வீட்டாரோ எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை. அப்பாவுக்கு வேலை கிடைத்த ஊர் அது, அவ்வளவுதான்.

இந்த வேலி உள்நாட்டுக்கு மட்டும்தான் என்பது இன்னும் வேடிக்கையான விஷயம். எம்.எல்.எஸ். கிளப்புகள் ஒன்றையொன்று தடுக்கின்றன, ஐரோப்பாவைத் தடுக்க அவற்றால் முடியாது. வெஸ்டன் மெக்கென்னி எஃப்.சி. டல்லாஸ் அகாடமியில் சிறுவயதிலிருந்து ஏழு வருடம்போல வளர்ந்தவர். 2016-இல் 18 வயதானதும், டல்லாஸில் ஒப்பந்தம் போடாமல் ஜெர்மனியின் ஷால்கேவுக்குப் போய்விட்டார். டல்லாஸுக்கு ஒரு காசும் வரவில்லை. ஜியோ ரேனா நியூயார்க் சிட்டி அகாடமியிலிருந்து 2019-இல், முதல் அணியில் ஆடாமலே, ஜெர்மனியின் டார்ட்மண்டுக்குப் போனார். 18 வயதுக்கு முன் வெளிநாட்டுக் கிளப்புக்கு மாறப் பொதுவாகத் தடை உண்டு, ஆனால் அவரிடம் போர்ச்சுகல் பாஸ்போர்ட் இருந்ததால் 18 வரை காத்திருக்கவும் தேவைப்படவில்லை. ஃபிஃபா விதிப்படி, வளர்த்த கிளப்புகளுக்கு வெளிநாட்டுக் கிளப் பயிற்சி ஈட்டுத்தொகை கொடுக்க வேண்டும். அமெரிக்கக் கால்பந்து அமைப்புகள் பல ஆண்டுகள் அதைக் கேட்காமலே இருந்தன. 2019 ஏப்ரலில்தான் இனிமேல் கேட்போம் என்று எம்.எல்.எஸ். அறிவித்தது.

ஆக, உள்ளூர் வேலி ஐரோப்பியப் பாஸ்போர்ட் உள்ள பையனையும் ஐரோப்பா தேடி வருகிற அளவுக்குத் திறமையுள்ள பையனையும் நிறுத்தவில்லை. நடுத்தரத் திறமையுள்ள, வெளிநாட்டு வழியில்லாத பையனைத்தான் நிறுத்தியது. யாரைப் பிடித்து வைக்க வேலி போட்டார்களோ அவர்கள் தாண்டிப் போய்விட்டார்கள்.

கிளப்பே இல்லாத இடங்களின் கதை வேறு. கனடாவின் எட்மன்டனில் எம்.எல்.எஸ். கிளப் இல்லை. அங்கே வளர்ந்த அல்ஃபோன்சோ டேவிஸை 14 வயதில் வான்கூவர் வைட்கேப்ஸ் தன் உறைவிட அகாடமிக்கு அழைத்துக்கொண்டது. வீட்டுக்கும் அகாடமிக்கும் நடுவே சாலை வழியில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். 2018-இல் அவர் பயர்ன் மியூனிக்குக்குப் போன ஒப்பந்தம், அன்றைய தேதியில் எம்.எல்.எஸ். வரலாற்றிலேயே பெரியது. டெக்சஸின் எல் பாசோ பக்கத்தில் வளர்ந்த ரிக்கார்டோ பெப்பியும் இப்படித்தான். டல்லாஸ் அங்கிருந்து ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். எஃப்.சி. டல்லாஸ் எல் பாசோ வரை கை நீட்டாமல் இருந்திருந்தால் அவர் வெளியே தெரிந்திருப்பாரா என்பது சந்தேகம்தான். யாருக்கும் சொந்தமில்லாத நிலத்தைத் திறந்துவிட்டால் பையன்களுக்கு நல்லது என்பதற்கு இந்த இரண்டு பேருமே போதும். எம்.எல்.எஸ்.ஸும் எல்லை விதியை அவ்வப்போது தளர்த்தித்தான் வந்திருக்கிறது.

அடுத்து இங்கிலாந்து. அங்கே கதை வேறு மாதிரி, ஏனென்றால் நாடு சின்னது, கிளப்புகள் நெருக்கம்.

1997-இல் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் தொழில்நுட்ப இயக்குநர் ஹோவர்ட் வில்கின்சன் தயாரித்த திட்டத்தின்படி அகாடமிகள் வந்தபோது, அவர்கள் தூரத்தை அளக்கவில்லை, நேரத்தை அளந்தார்கள். சின்னப் பிள்ளைகள் என்றால் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள். பதின்ம வயது தொடங்கியபின் 90 நிமிடத்துக்குள். பிள்ளை பள்ளி முடிந்து பயிற்சிக்குப் போய், வீட்டுப்பாடம் எழுதி, நேரத்தோடு தூங்க வேண்டும் என்பதே அடிப்படை. நான்கு வழிகளில் பையனின் அன்றாட வாழ்க்கையை மனதில் வைத்து எழுதப்பட்ட ஒரே விதி இதுதான். அதனால் எனக்கு இதன்மேல் ஒரு தனிப் பிரியம் உண்டு.

இந்த முறையில் எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று விழும். மான்செஸ்டரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை கிளப்புகள்! ஒரு பையனுக்கு ஐந்தாறு கதவுகள் திறந்திருக்கும். கிளப்புகள் போட்டி போட்டு நல்ல பயிற்சி கொடுத்தாக வேண்டும். ஆனால் நார்விச்சைப் பாருங்கள், பிளிமத்தைப் பாருங்கள். வட்டம் போட்டால் பெரும்பகுதி கடலில் விழுகிறது. மீனையா அகாடமியில் சேர்க்க முடியும்? அந்தக் கிளப்புகளுக்கு இந்த விதி நியாயமாக இல்லை.

விதியை வளைக்காமலே கையை நீட்டவும் வழி இருந்தது. கேரத் பேல் வேல்ஸின் கார்டிஃபில் பிறந்தவர். சிறுவயதிலேயே அவரைக் கண்டுபிடித்தது சௌதாம்ப்டன். அங்கே தினமும் போய்வர முடியாத தூரம். ஆனால் சௌதாம்ப்டன் பாத் நகரில் ஒரு கிளைப் பயிற்சி மையம் வைத்திருந்தது, பேல் அங்கே போய்ப் பயிற்சி எடுத்தார். கிளப் பையனை நோக்கி நகர்ந்தது. எல்லை பற்றிய இந்தப் பேச்சு முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான். கார்டிஃப் சிட்டிக்கு இது கசந்திருக்கும், அது வேறு விஷயம்.

பிறகு பெரிய கிளப்புகளுக்கு அந்த 90 நிமிடம் இடைஞ்சலாகத் தெரிந்தது. 2011 அக்டோபரில், அகாடமி முறையை மாற்றும் ஒரு புதிய திட்டத்தின்மேல் கீழ்ப் பிரிவுக் கிளப்புகள் வாக்களித்தன. 46 ஆதரவு, 22 எதிர்ப்பு. 2012 முதல் அந்தத் திட்டம் வந்தது. அகாடமிகள் நான்கு தரமாகப் பிரிக்கப்பட்டன. முதல் தரத்துக்குப் பயண நேரக் கட்டுப்பாடு, குறிப்பாகப் பெரிய பையன்கள் விஷயத்தில், தளர்ந்தது. ஒரு கிளப்பிலிருந்து இன்னொரு கிளப் பையனை எடுத்தால் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதற்கு நிலையான விலைப்பட்டியல் வந்தது.

அந்த விலைகளைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முதலில் வகுத்தபோது, 9 முதல் 11 வயது வரையான அணிகளில் வளர்த்ததற்கு ஆண்டுக்கு 3,000 பவுண்டு. 12 முதல் 16 வரை தரத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 12,500 முதல் 40,000 வரை. மூன்றாம் தர அகாடமி ஒன்று ஒரு பையனை 9 வயதிலிருந்து ஆறு பருவம் வளர்த்திருந்தால், முன்பணம் மூன்று ஆண்டுக்கு 9,000, அடுத்த மூன்று ஆண்டுக்கு 37,500, மொத்தம் 46,500 பவுண்டு. முன்பெல்லாம் தீர்ப்பாயம் பையனைப் பார்த்து விலை சொல்லும். இப்போது பையன் யாராக இருந்தாலும் பட்டியல்தான். பிறகு அவன் பெரிய அணியில் ஆடினால் கூடுதல் தொகை வரும், ஆனால் அது ‘ஆடினால்’தான்.

இதன் விளைவை மேற்கு லண்டனில் பார்க்கலாம். பிரெண்ட்ஃபோர்டு கிளப் தன் நல்ல பையன்களைப் பதினாறு வயது வாக்கில் பெரிய கிளப்புகளிடம் சின்னத் தொகைக்கு இழந்துகொண்டே இருந்தது. 2016-இல் அகாடமியையே மூடிவிட்டு, மற்றவர்கள் கழித்துவிட்ட 17, 18 வயதுக்காரர்களைச் சேர்த்து பி அணி, அதாவது இரண்டாம் அணி, ஒன்றை அமைத்தது. கிளப்புக்கு அது லாபமான முடிவுதான், 2021-இல் பிரீமியர் லீக்குக்கே வந்தார்கள். பிறகு அகாடமியையும் மறுபடி தொடங்கினார்கள். ஆனால் நடுவில் சில ஆண்டுகள் அந்தப் பகுதியின் 9 வயதுப் பிள்ளைக்கு வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கதவு சாத்திக் கிடந்தது. அதற்கு முன்பே, 2012-இல், வைகோம்ப் கிளப்பும் தன் அகாடமியை மூடியிருந்தது.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஜேடன் சான்சோ 14 வயதில் வாட்ஃபோர்டிலிருந்து மான்செஸ்டர் சிட்டிக்குப் போனது இந்தப் புதிய காலத்தில்தான். 2017-இல் 17 வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கோப்பை நம் நாட்டில் நடந்தது. கொல்கத்தாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்து ஸ்பெயினை 5-2 என்று வீழ்த்தியது. போட்டியின் சிறந்த வீரர் ஃபில் ஃபோடன். அந்தப் போட்டியின் முதல் சுற்றுக் குழு ஆட்டங்களில் சான்சோவும் ஆடினார். அந்த அணியின் பெரும்பாலோர் புதிய அகாடமி முறையில் வளர்ந்தவர்கள். பெரிய கிளப்புகளின் வசதியும் பயிற்சி நேரமும் கூடியதில் பலன் இருந்தது என்பதை அந்த அணியைப் பார்த்த யாரும் மறுக்க முடியாது. எல்லை போனதால் வந்த பலனா, பணம் கொட்டியதால் வந்ததா என்று பிரித்துச் சொல்வது மட்டும் கடினம். என் கணிப்பு, இரண்டாவதுதான்.

விலை முறையில் பலரும் கவனிக்காத ஒரு முள்ளும் இருக்கிறது. கிளப் பையனை வேண்டாம் என்று விடுவித்தால் அவன் யாருக்கும் இலவசம். ஆனால் கிளப் ‘இரு’ என்று சொல்லியும் பையன் ‘எனக்கு இங்கே சரிவரவில்லை’ என்று கிளம்பினால், விலைச்சீட்டு அவன் கழுத்திலேயே தொங்கும். சேர்த்துக்கொள்ள நினைக்கிற சின்னக் கிளப்பால் அந்தத் தொகையைக் கொடுக்க முடியாது. நிலத்தில் இருந்த வேலி பையனோடு கூடவே நடந்து வருகிறது. அமெரிக்கப் பையனாவது வீடு மாறித் தப்பலாம்!

ஃபிஃபாவின் சர்வதேச விதிகள் இதைக் கொஞ்சம் புத்திசாலித்தனமாகச் செய்திருக்கின்றன. 18 வயதுக்குட்பட்டவர்களை நாடு விட்டு நாடு மாற்றுவதே பொதுவாகத் தடை. விலக்குகள் சில உண்டு. பெற்றோர் கால்பந்துக்குத் தொடர்பில்லாத காரணத்துக்காக இடம்பெயர்ந்தால் அனுமதி. பையனின் வீடும் கிளப்பும் எல்லைக்கோட்டின் இரு பக்கத்திலும் 50 கிலோமீட்டருக்குள் இருந்தால் அனுமதி. இதில் எனக்குப் பிடித்தது ஒருமைப்பாட்டுத் தொகை என்கிற ஏற்பாடு. ஒப்பந்தக் காலத்தில் ஒரு வீரர் வெளிநாட்டுக் கிளப்புக்கு விற்கப்படும்போது, தொகையில் 5 சதவீதம் அவர் 12 வயது முதல் 23 வயது வரை ஆடிய கிளப்புகளுக்குப் பிரிகிறது. 12 முதல் 15 வரை ஆண்டுக்குக் கால் சதவீதம், பிறகு ஆண்டுக்கு அரை சதவீதம். அந்த முதல் நான்கு வருடம் ஒருவரை வளர்த்த கிராமத்துக் கிளப்புக்கு, அவர் 4 கோடி யூரோவுக்கு விற்கப்பட்டால் 4 லட்சம் யூரோ வரும். ஒரு சின்னக் கிளப் புது மைதானமே போட்டுவிடலாம். பையன் நகர்வதை இது தடுக்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். பணம் பின்னால் வருகிறது, வீரர் சம்பாதித்துக் கொடுத்தபின்.

நான்காவது வழிக்கு ஸ்பெயினின் வடக்கே பாஸ்க் பகுதியில் உள்ள பில்பாவோ நகருக்குப் போக வேண்டும். அந்த ஊரின் அத்லெடிக் கிளப் நூறு வருடத்துக்கும் மேலாக பாஸ்க் மண்ணில் பிறந்தவர்களையோ அங்கே கால்பந்து கற்றவர்களையோ மட்டும் வைத்து ஆடுகிறது. எந்த லீக்கும் இந்த எல்லையை அவர்களுக்குப் போடவில்லை, அவர்களே போட்டுக்கொண்டது. சுமார் முப்பது லட்சம் பேர் வாழும் நிலப்பரப்பு. அதற்குள் ரியல் சோசிடாட், ஒசாசுனா, அலாவெஸ், ஐபார் என்று மற்றவர்களோடும் போட்டி. இருந்தும் ஸ்பெயினின் முதல் பிரிவிலிருந்து ஒருமுறைகூட இறங்காத மூன்று கிளப்புகளில் இதுவும் ஒன்று. மற்ற இரண்டு ரியல் மாட்ரிட், பார்சிலோனா. 2024-இல் ஸ்பெயினின் தேசியக் கோப்பையான கோபா டெல் ரேயை வென்றபோது நாற்பது ஆண்டுக் காத்திருப்பு முடிந்தது. அந்த அணியின் நட்சத்திரங்கள் கானாவிலிருந்து வந்த பெற்றோருக்குப் பிறந்த வில்லியம்ஸ் சகோதரர்கள். இன்யாகி பில்பாவோவில் பிறந்தவர், நீகோ பம்ப்லோனாவில். யார் இந்த மண்ணின் பிள்ளை என்ற கேள்விக்கு அந்தக் கிளப் ரத்தத்தைப் பார்க்கவில்லை, வளர்ந்த இடத்தைப் பார்த்தது என்பது எனக்கு நிறைவாக இருக்கிறது.

இந்த வழியில் பையனுக்கு எந்தக் கட்டும் இல்லை. கட்டு கிளப்புக்குத்தான். அதன் செலவையும் கிளப்பே ஏற்கிறது. 2006-இல் ஒசாசுனாவிலிருந்து 17 வயது ஹாவி மார்டினஸை எடுக்க 60 லட்சம் யூரோ கொடுத்தார்கள். 2018-இல் தங்கள் வீரர் லபோர்ட்டை மான்செஸ்டர் சிட்டிக்கு விற்ற கையோடு, ரியல் சோசிடாடிலிருந்து இன்யிகோ மார்டினஸுக்கு 3.2 கோடி கொட்டினார்கள். அண்டைக் கிளப்புகளுக்குத் தெரியும், இவர்களுக்கு வேறு சந்தை கிடையாது என்று. ஆனால் இதை ஒரு லீக் தன் விதியாக எடுத்துக்கொள்ள முடியாது. நூறு வருட நம்பிக்கையைச் சுற்றறிக்கை போட்டு வரவழைக்க முடியாதே. அண்டையிலேயே ரியல் சோசிடாடும் ஒருகாலத்தில் இப்படி இருந்து, 1989-இல் அயர்லாந்து வீரர் ஜான் ஆல்ட்ரிட்ஜை எடுத்ததோடு விட்டுவிட்டது.

ஜெர்மனியையும் போகிற போக்கில் தொட்டுவிட வேண்டும். 2000-ஆம் ஆண்டு நடந்த யூரோ கோப்பைப் போட்டியில் அடி வாங்கியபின், கிளப்புகளை மட்டும் நம்பாமல் கால்பந்துச் சங்கமே நாடு முழுவதும் முந்நூற்றுக்கும் மேற்பட்ட பயிற்சி மையங்களைத் திறந்தது. பெரிய கிளப் இல்லாத ஊர்ப் பையனும் வாரம் ஒருமுறை நல்ல பயிற்சியாளர் கண்ணில் படுகிறான். எல்லைச் சண்டையில் யாரும் பேசாத வெற்று நிலத்துக்கு இதுதான் சரியான மருந்து.

சரி, ஒரு லீக் இன்று உட்கார்ந்து முடிவு செய்வதென்றால் எதை எடுப்பது?

நாடு சின்னதாக, கிளப்புகள் நெருக்கமாக இருந்தால் நில எல்லையே வேண்டாம். 12 வயது வரை பயண நேர வரம்பு மட்டும் கண்டிப்பாக இருக்க வேண்டும், எவ்வளவு பெரிய கிளப்பாக இருந்தாலும். அதற்குமேல் விலை முறை. ஆனால் முன்பணத்தைக் குறைத்து, பின்னால் வரும் பங்கை ஃபிஃபா மாதிரி கூட்ட வேண்டும். அப்போது பையன் சுலபமாக நகரலாம், வளர்த்தவருக்கும் வயிறு நிறையும். இங்கிலாந்து 2012-இல் இதைத் தலைகீழாகச் செய்தது என்பதுதான் என் குறை.

நாடு பெரியதாக, கிளப்புகள் சொற்பமாக இருந்தால், அதாவது வடஅமெரிக்கா போல, எல்லையை முழுவதுமாக எடுத்துவிட நான் சொல்ல மாட்டேன். பிலடெல்ஃபியாவில் பள்ளிக்கூடம் வந்ததை நான் மறக்கவில்லை. ஆனால் எல்லை அந்த நகரத்தோடும் அதன் புறநகரோடும் நிற்க வேண்டும். மற்ற நிலம் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும், எட்மன்டன் மாதிரி, எல் பாசோ மாதிரி. எல்லைக்குள்ளேயும் கிளப் பையனைப் பதிவு செய்து, உண்மையில் பயிற்சி கொடுத்தால்தான் உரிமை. பட்டியலில் பெயர் எழுதி வைத்துக்கொண்டு, யாராவது கேட்டால் விலை சொல்வது கூடாது. பயிற்சி நின்ற ஓராண்டில் உரிமை தானாக விழுந்துவிட வேண்டும்.

13 வயதிலும் 15 வயதிலும் ஒரு வாசல் வைக்க வேண்டும். அப்போது பையன் வேண்டுமென்றால் வேறு கிளப்புக்குப் போகலாம். புதிய கிளப் பட்டியல் விலையைக் கொடுக்கட்டும். குடும்பம் வேலை காரணமாக ஊர் மாறினால் விலையே கிடையாது. கட்டணம் வாங்கிப் பயிற்சி தரும் சின்ன இளையோர் கிளப்புகளுக்கும் பின்னால் வரும் தொகையில் பங்கு போக வேண்டும், ஏனென்றால் ஏழு, எட்டு வயதில் பந்தை நிறுத்தக் கற்றுக்கொடுத்தது அவர்கள்தான்.

அப்புறம் ஒன்று. எந்தக் கிளப் தன்மீது உரிமை வைத்திருக்கிறது, அது எந்தத் தேதியில் முடிகிறது, வெளியேற என்ன வழி என்று ஒரு பக்கத் தாளில், வீட்டில் பேசுகிற மொழியில் எழுதிப் பெற்றோர் கையில் கொடுக்க வேண்டும். டெக்சஸ் எல்லையோரத்தில் அது ஸ்பானிஷ் மொழியாக இருக்கும். அந்தத் தாள் கொடுக்கப்படாத பையன்மீது எந்தக் கிளப்புக்கும் உரிமை செல்லாது என்று விதியிலேயே எழுதிவிட வேண்டும்.